கவுண்ட் நார்மல்தானே, மாத்திரை எதற்கு? – நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் தீவிரமாகும் கதை

சி.எம்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் சத்தம் போடாமல்தான் வரும். கொஞ்சம் களைப்பு, இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, அவ்வளவுதான். சிலருக்கு அதுகூட இருக்காது. கண் ஆபரேஷனுக்கோ வேலைக்கான மருத்துவச் சான்றிதழுக்கோ ரத்தம் கொடுத்திருப்பார்கள்; வெள்ளை அணு ஒன்றரை லட்சம் என்று ரிப்போர்ட் வரும். இருக்க வேண்டியது 4,000 முதல் 11,000 வரை.

மாத்திரை ஆரம்பித்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே கவுண்ட் இறங்கிவிடும். மண்ணீரல் வீக்கம் வடியும், பசி திரும்பும், ஆள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிடுவார். அப்புறம் ஒருநாள் அந்தக் கேள்வி வரும். "கவுண்ட் நார்மல்தானே டாக்டர், இன்னும் மாத்திரை எதற்கு?"

கேட்பவர்மேல் தப்பில்லை. காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்துகிறோம், புண் ஆறினால் மருந்தை நிறுத்துகிறோம். ஆனால் இந்த நோயில் கவுண்ட் ஒரு கதை, நோய் வேறு கதை. மருத்துவ உலகத்துக்கே இது புரிய நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

1845-இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும் பெர்லினில் ருடால்ஃப் ஃபிர்ஹோவும், மண்ணீரல் பெருத்து, ரத்தம் வெளுத்து இறந்தவர்களைத் தனித்தனியே விவரித்து எழுதினார்கள். அதிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் ஆர்சனிக் கரைசல், பிறகு மண்ணீரலுக்கு எக்ஸ்ரே. 1950-களில் புசல்ஃபான் என்ற மாத்திரை வந்தது, அதற்குப் பின் ஹைட்ராக்சியூரியா. இவை எல்லாமே கவுண்டைக் குறைத்தன. மண்ணீரலும் சுருங்கியது. நோயாளி எழுந்து நடமாடினார். ஆனாலும் மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் பாதிப்பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டு வயல் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது போலத்தான். தூர் அப்படியே மண்ணுக்குள் இருந்தது.

அவர்கள் இறந்தது நாள்பட்ட நோயால் அல்ல. அது ஒரு கட்டத்தில் தீவிர ரத்தப் புற்றுநோயாக மாறியதால். மருத்துவர்கள் இதைப் 'பிளாஸ்ட் கிரைசிஸ்' என்பார்கள். நாள்பட்ட கட்டத்தில் எலும்பு மஜ்ஜை அளவுக்கு அதிகமாக வெள்ளை அணுக்களை உற்பத்தி செய்கிறது. ஆனால் அவை ஓரளவு முதிர்ந்து, கிருமியோடு சண்டை போடுவது போன்ற தங்கள் வேலையைச் செய்துவிடுகின்றன. அதனால்தான் ஒன்றரை லட்சம் கவுண்டோடு ஒருவர் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வர முடிகிறது. பிளாஸ்ட் கட்டத்தில் அந்த முதிர்ச்சி நின்றுவிடும். எதற்கும் உதவாத இளம் செல்கள், அதாவது பிளாஸ்ட் செல்கள், மஜ்ஜையை அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணுவும் தட்டணுவும் உருவாக இடமில்லை. ரத்தசோகை, ரத்தக்கசிவு, விடாத காய்ச்சல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். புதிய மருந்துகள் வருவதற்கு முன் இந்தக் கட்டத்துக்குப் போனவர்கள் பிழைத்திருந்தது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம்.

ரத்தத்திலோ மஜ்ஜையிலோ பிளாஸ்ட் செல் 20 சதவீதம் இருந்தால் அது பிளாஸ்ட் கட்டம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. ஐரோப்பிய நிபுணர் குழுவின் கோடு 30 சதவீதத்தில் இருக்கிறது. அதாவது இது நாம் வசதிக்காகக் கிழித்த கோடு. 19 சதவீதத்தில் இருப்பவர் நிம்மதியாகவும் 21-இல் இருப்பவர் ஆபத்திலும் இருப்பதாக அர்த்தமில்லை. ரிப்போர்ட்டில் அந்த எண் ஏறும் நாளில் நோய் மாறுவதில்லை. மாதக்கணக்காக, சில சமயம் வருஷக்கணக்காக உள்ளே நடந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

உள்ளே நடப்பது என்ன என்பதற்கு முதல் துப்பு ஃபிலடெல்ஃபியாவில் கிடைத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவெல், ரத்தப் புற்றுநோய் செல்கள் இருந்த கண்ணாடித் தகட்டைக் குழாய்த் தண்ணீரில் அலசினார். தண்ணீர் பட்டதும் செல்கள் உப்பி, குரோமோசோம்கள் பிரிந்து எண்ணும்படி தெரிந்தன. அவற்றைப் பார்த்துப் பழகிய டேவிட் ஹங்கர்ஃபோர்டோடு சேர்ந்து, சி.எம்.எல். நோயாளிகளிடம் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதை 1960-இல் வெளியிட்டார். ஊர்ப் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது: ஃபிலடெல்ஃபியா குரோமோசோம். ஒரு குறிப்பிட்ட புற்றுநோயோடு எப்போதும் சேர்ந்தே வரும் மரபணுக் கோளாறு ஒன்று தெரியவந்தது அதுதான் முதல்முறை.

குட்டையான துண்டு எங்கே போனது? சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, கத்தரித்து, ஜோடி சேர்த்துப் பார்ப்பாராம். 1973-இல் அவர் விடை சொன்னார். 22-ஆம் குரோமோசோமில் குறைந்தது 9-ஆம் குரோமோசோமில் கூடியிருக்கிறது. இரண்டும் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. அப்படி மாறும்போது 9-இல் இருந்த ஏபிஎல் என்ற மரபணு, 22-இல் இருந்த இன்னொரு மரபணுவின் முதுகில் போய் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டு மரபணு ஒரு நொதியைச் செய்கிறது. வழக்கமாகத் தேவைப்படும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய நொதி அது. ஒட்டியபின் அதற்கு ஓய்வே இல்லை. 'பெருகு, பெருகு' என்று செல்லுக்கு ஓயாமல் உத்தரவு போகிறது. மஜ்ஜையின் ஒரே ஒரு தாய்ச் செல்லில் இது நடந்தால் போதும். பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை.

அந்த நொதி செய்வது பெருக்கம் மட்டும் என்றால் நோய் நாள்பட்ட கட்டத்திலேயே நின்றிருக்கும். ஆனால் அது டி.என்.ஏ.வையும் சேதப்படுத்துகிறது. செல்லுக்குள் ஆக்சிஜன் கழிவுகள் கூடுகின்றன, டி.என்.ஏ. இழைகள் உடைகின்றன; உடைந்ததைச் சரிசெய்யும் வேலையும் தப்பும் தவறுமாக நடக்கிறது. எனவே நோய் எவ்வளவு காலம், எவ்வளவு செல்களில் உயிரோடு இருக்கிறதோ, அவ்வளவுக்குப் புதிய கோளாறுகள் சேர வாய்ப்பு. எட்டாம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வரும்; ஃபிலடெல்ஃபியா குரோமோசோமே இரட்டிக்கும்; செல்லின் காவல்காரனான டிபி53 மரபணு பழுதாகும். முதிர்ச்சிக்கான வழியை அடைக்கும் கோளாறு இவற்றோடு சேர்ந்தால், தீவிரப் புற்றுநோய்க்குத் தேவையான எல்லாம் ஒரே செல்லில் கூடிவிடுகின்றன. ரத்த அணுக்களில் மைலாய்டு, லிம்ஃபாய்டு என்று இரண்டு பெரிய கிளைகள் உண்டு. பிளாஸ்ட் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு மைலாய்டு வகை. மீதிப் பேரில் பெரும்பாலோருக்குக் குழந்தைகளிடம் அதிகம் பார்க்கும் லிம்ஃபாய்டு வகையைப் போன்ற செல்கள் வரும். ஒரே தாய்ச் செல் இரண்டு திசையிலும் போக முடிகிறது என்பதே, கோளாறு எவ்வளவு அடியில் தொடங்கியிருக்கிறது என்று காட்டுகிறது.

புசல்ஃபான் ஏன் தோற்றது என்பது இப்போது விளங்கும். அது செல்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. ஒட்டு மரபணுவைத் தொடவில்லை. அந்த நொதியையே அடைக்கும் மருந்து வர 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடனின் குழு உருவாக்கிய ஒரு மூலக்கூறை, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிரையன் ட்ரூக்கர் சோதித்தார். 1998-இல் மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். நாள்பட்ட கட்டத்தில் இருந்து, தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை முழுக்கச் சீரானது. அந்த மருந்து இமாடினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அந்த வெற்றியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதே சமயத்தில் வந்த இன்னொரு முடிவைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பிளாஸ்ட் கட்டத்துக்குப் போய்விட்டவர்களுக்கும் அதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மைலாய்டு வகையில் 38 பேரில் 21 பேருக்குப் பலன் தெரிந்தது. லிம்ஃபாய்டு வகையில், இதே குரோமோசோமோடு நேரடியாகவே வரும் தீவிர லிம்ஃபாய்டு புற்றுநோயாளிகளையும் சேர்த்து, பலன் இன்னும் அதிகம்: 20 பேரில் 14 பேர். ஆனால் பெரும்பாலும் சில மாதங்களிலேயே நோய் திரும்பிவிட்டது. மருந்து அதேதான், அது தாக்கும் நொதியும் அதேதான். ஆனால் அதற்குள் செல் அந்த ஒரு நொதியை மட்டும் நம்பி வாழும் நிலையைத் தாண்டிவிட்டிருந்தது. இமாடினிப்பின் உண்மையான சாதனை தீவிர நோயைக் குணப்படுத்துவதில் இல்லை. நோய் அங்கே போய்ச் சேராமல் தடுப்பதில்தான் இருக்கிறது.

தடுக்கிறதா? 1,106 பேரைச் சேர்த்து 2000-இல் தொடங்கிய ஐரிஸ் என்ற பெரிய ஆய்வில், இமாடினிப் எடுத்தவர்களில் பத்து வருஷம் கழித்து 100-க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். நோய் முற்றியது 100-க்கு ஏழு பேருக்குத்தான். அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வருஷத்துக்குள். ஆரம்ப வருஷங்களைத் தாண்டினால் ஆபத்து மளமளவென்று குறைகிறது. மருந்துக்கு முந்தைய காலத்தில் நேர் எதிர். வருஷம் போகப் போக ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

இப்போது அந்தக் கவுண்ட் கேள்விக்கு வருவோம். நோய் கண்டுபிடிக்கப்படும்போது உடலில் தோராயமாக லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தாலே ரத்த எண்ணிக்கை நார்மலாகிவிடும். மிச்சம் பத்தாயிரம் கோடி. சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு இது தெரியாது. ஒட்டு மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்டுக்குத்தான் தெரியும். சிகிச்சைக்கு முன் வழக்கமாக இருக்கும் அளவை 100 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த டெஸ்டின் அளவு மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே, ஆறு மாதத்தில் 1 சதவீதத்துக்குக் கீழே, ஒரு வருஷத்தில் 0.1 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது கணக்கு. 0.1 என்பது ரொம்ப நல்ல எண். இருந்தாலும் அந்த நிலையில்கூட உடலில் நூறு கோடி செல்கள் பாக்கி இருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

மாத்திரையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் நுணுக்கமாகவே அளந்தார்கள். டப்பாவின் மூடியில் ஒரு சிப். எப்போதெல்லாம் மூடி திறக்கிறது என்று அது குறித்துக்கொள்ளும். ஏற்கெனவே சில வருஷமாக இமாடினிப் எடுத்துவந்த 87 பேரை மூன்று மாதம் கவனித்தார்கள். 2010-இல் வந்த முடிவு: பத்தில் ஒன்பது மாத்திரைக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் அந்த 0.1 சதவீத இலக்கை எட்டும் வாய்ப்பு ஆறு வருஷத்தில் 94.5 சதவீதம். அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு 28.4 சதவீதம். பத்தில் ஒன்று என்பது மாதத்துக்கு மூன்று நாள். வெளியூர்க் கல்யாணம், ஒரு பண்டிகை, மருந்து தீர்ந்து கடைக்குப் போக மறந்த ஒரு ஞாயிறு. இதற்கே மூன்று நாள் போய்விடும்.

நம் ஊரில் இந்த மூன்று நாள் எளிதாகப் போவதற்குக் காரணங்கள் கூடுதல். மேலை நாடுகளில் சி.எம்.எல். அறுபது வயதை ஒட்டி வரும் நோய். இந்திய ஆஸ்பத்திரிகளின் கணக்கில் நோயாளிகளின் நடு வயது 35-இலிருந்து 40-க்குள். அதாவது சம்பாதிக்கும் வயது, கல்யாணமாகிற வயது, பிள்ளை பெறுகிற வயது. மாத்திரையால் கண்ணைச் சுற்றி வீக்கம் வரும், கெண்டைக்காலில் பிடிப்பு வரும், தோலின் நிறம் வெளுக்கும். மாநிறக்காரர்களிடம் இது பளிச்சென்று தெரியும், "ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் மாத்திரை டப்பா எந்த அலமாரிக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பகாலத்தில் இமாடினிப் சிசுவுக்கு ஆபத்து என்பதால், குழந்தை வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடும் பெண்களும் உண்டு. இதற்கு முறையான வழி இருக்கிறது. நோய் ஆழமாக அடங்கும் வரை காத்திருந்து, மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்துவது. தேவைப்பட்டால் அந்தக் காலத்துக்கு இன்டர்ஃபெரான் ஊசிக்கு மாறுவது. கேட்டால்தான் அந்த வழி கிடைக்கும். கேட்கிற சூழல் வீட்டில் இருக்க வேண்டும்.

பணம் இன்னொரு காரணம். இங்கே சென்னைக்கு நேரடியான பங்கு இருக்கிறது. இமாடினிப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் (சீபா-கைகி இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து உருவானது) 1998-இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் மறுத்தது. தெரிந்த மருந்துக்குப் புதிய வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, குணமாக்கும் திறன் கூட வேண்டும் என்கிற சட்டத்தின் 3(டி) பிரிவு அதில் முக்கியமான காரணம். அந்தப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007-இல் வழக்கு தள்ளுபடியானது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அப்போது கம்பெனி மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் பத்தாயிரத்தை ஒட்டி. நோவார்ட்டிஸ் இந்தியாவில் பல ஆயிரம் பேருக்கு இலவசமாகக் கொடுத்துவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆயுள் முழுக்கத் தினமும் விழுங்க வேண்டிய மருந்துக்கு ஒரு நிறுவனத்தின் பெருந்தன்மையை நம்பியிருப்பதும், பக்கத்துக் கடையில் வாங்க முடிவதும் ஒன்றல்ல. பிறகு ஜெனரிக் விலை இன்னும் இறங்கியது. இப்போது பல குடும்பங்களுக்கு மாத்திரையைவிடப் பிசிஆர் டெஸ்டும், அதற்காக நகரத்துக்கு வந்துபோகும் ஒருநாள் கூலி இழப்பும்தான் பாரம். மாத்திரையை வாங்கி விழுங்கிக்கொண்டு, டெஸ்டை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

டெஸ்டை விடுவது ஏன் ஆபத்து? ஒழுங்காக மாத்திரை எடுப்பவர்களிலும் சிலருக்கு மருந்து வேலை செய்யாமல் போகும். ஒட்டு மரபணுவிலேயே ஒரு மாற்றம் வந்து, நொதியில் மருந்து உட்காரும் இடத்தின் வடிவம் மாறிவிடும். இதில் மோசமானது டி315ஐ என்ற மாற்றம். அது வந்தால் இமாடினிப் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் வந்த டாசாடினிப், நிலோடினிப் ஆகியவையும் பயன்படாது. போனாடினிப், அசிமினிப் என்று வேறு மருந்துகள் உண்டு. ஆனால் மாற்றம் வந்திருப்பது முன்கூட்டியே தெரிந்தால்தானே மாற்ற முடியும்? கவுண்ட் ஏறி அதைக் காட்டிக்கொடுப்பதற்குப் பல மாதம் முன்பே பிசிஆர் எண் ஏறத் தொடங்கிவிடும். அந்த மாதங்கள்தான் மருத்துவர் கையில் இருக்கும் அவகாசம். அரிதாகச் சிலருக்கு, குறிப்பாக லிம்ஃபாய்டு வகையில், முந்தைய டெஸ்ட் நன்றாக இருந்தும் திடீரென்று பிளாஸ்ட் கட்டம் வருவதுண்டு. அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. நோயாளியைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை.

மாறும்போது தெரியும் அடையாளங்கள்: வடிந்த மண்ணீரல் மறுபடி வீங்குவது, காரணமில்லாத காய்ச்சல், எலும்புக்குள் வலி, எடை குறைவது, மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே கவுண்ட் ஏறுவது, தட்டணு சரிவது, பேசோஃபில் என்ற வெள்ளை அணு 20 சதவீதத்தைத் தொடுவது. அந்தக் கட்டத்தில் வீரியமான மாத்திரையோடு கீமோவும் சேர்த்துக் கொடுத்து, நோயை மறுபடி நாள்பட்ட கட்டத்துக்கு இழுத்துவரப் பார்ப்பார்கள். வந்துவிட்டால், காலம் தாழ்த்தாமல் பொருந்துகிற உடன்பிறப்பிடமிருந்தோ வேறு கொடையாளரிடமிருந்தோ மஜ்ஜை மாற்று. லிம்ஃபாய்டு வகைக்கு இது கொஞ்சம் கூடுதலாகக் கைகொடுக்கும். மைலாய்டு வகையில் இன்றைக்கும் பலர் ஒரு வருஷத்தைத் தாண்டுவதில்லை. தினம் ஒரு மாத்திரையில் அடங்கிய நோய்க்கு லட்சக்கணக்கில் செலவு, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம்.

சரி, மாத்திரையை நிறுத்தவே முடியாதா? முடியும், சிலருக்கு. பிரான்ஸில், பிசிஆர் டெஸ்டில் குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து எதுவும் தென்படாத 100 பேரைத் தேர்ந்தெடுத்து இமாடினிப்பை நிறுத்திப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில் சுமார் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களுக்குத் திரும்பியது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் அவர்களுக்கும் நோய் அடங்கியது. இன்று பல நாடுகளில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. ஆனால் நிபந்தனைகள் கறாரானவை: வருஷக்கணக்கில் மாத்திரை எடுத்திருக்க வேண்டும், ஆழமான கட்டுப்பாடு இரண்டு வருஷமாவது நிலைத்திருக்க வேண்டும், இதுவரை ஒருமுறைகூட நோய் முற்றிய கட்டத்துக்குப் போயிருக்கக் கூடாது, மிக நுட்பமான பிசிஆர் டெஸ்ட் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். நிறுத்திய முதல் ஆறு மாதத்துக்கு மாதம் தவறாமல் டெஸ்ட், எண் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் மாத்திரை மீண்டும் தொடங்கிவிடும்.